அடைப்பு நீங்கினால் நோய் நீங்கிற்றா?

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு நாள் காலை நம் சங்கத்துச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பெரியவருக்கு உணவுக்குழாயில் கட்டி. மகன் வேலை நிமித்தம் வெளியூர் போயிருக்கிறான், நாளைக்குத்தான் வருவான். அந்த அம்மாளுக்கு இந்தி ஒரு சொல்லும் வராது. நீ விஞ்ஞானம் படிக்கிறவன்; டாக்டர் சொல்வதைக் கேட்டுத் தமிழில் சொல்லிவிட்டு வா" என்றார். நான் உலோகவியல் மாணவன். உடலியலை முறையாகப் படித்தவனல்லன். ஆயினும், மொழிபெயர்க்கத்தானே அழைக்கிறார்கள் என்று துணிந்து போனேன்.

பெரியவர் மதுரைப் பக்கத்தவர். மூன்று மாதங்களாக உணவு இறங்கவில்லை. முதலில் சோறு சிக்கியது. பிறகு இட்லி சிக்கியது. பிறகு கஞ்சியே இறங்க மறுத்தது. நான் பார்த்த அன்று தம் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல், ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் இந்தியில் இரண்டே வாக்கியங்கள் சொன்னார். "உள்ளே ஒரு வலைக்குழல் வைக்கப் போகிறோம், உணவு இறங்கத் தொடங்கும். நோய் அதன் இடத்திலேயே இருக்கும்" என்பது அவற்றின் பொருள். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "உள்ளே குழாய் வைக்கப் போறாங்க, அம்மா. வைச்சா சரியாகிடும்" என்றேன்.

இரண்டு வாக்கியங்களில் ஒன்றை மாற்றினேன்; மற்றொன்றை விழுங்கிவிட்டேன். அதன் விளைவை இறுதியில் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த டாக்டரிடமும் இரண்டு மூன்று முறை சென்று ஐயங்களைக் கேட்டேன். அவ்வாறு கற்றதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடைப்பு என்பது யாது?

வாய் முதல் குதம் வரை நம் உடலுக்குள் ஒரே பாதை செல்கிறது. அதில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் ஒரு பகுதி. இரைப்பையின் வாயிலும் முன்சிறுகுடலும் ஒரு பகுதி. நீண்ட சிறுகுடலும், அதைத் தொடர்ந்த பெருங்குடலும் பிற பகுதிகள். புற்றுக்கட்டி இப்பாதையின் உட்சுவரில் தோன்றி வளர்ந்து வழியை அடைக்கலாம். அல்லது அருகிலுள்ள கணையம் போன்ற உறுப்பில் வளர்ந்து வெளியிலிருந்து நெருக்கலாம். இரண்டிலும் நோயாளி படும் துன்பம் ஒன்றே.

உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் உறுப்பு. ஆகவே கட்டி சிறிதாக இருக்கும்போது நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. உட்குறுக்களவு 13 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கெட்டியான உணவு தடைபடத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. மருத்துவர்கள் விழுங்கும் துன்பத்தை 0 முதல் 4 வரை எண்ணிட்டு அளக்கிறார்கள். எதையும் உண்ண முடிந்தால் 0. கெட்டியானவற்றில் சில மட்டும் இறங்கினால் 1. குழைந்த உணவு மட்டும் இறங்கினால் 2. நீர்ப்பொருள் மட்டும் இறங்கினால் 3. எதுவுமே இறங்காவிட்டால் 4. நம் பெரியவர் சோற்றிலிருந்து இட்லிக்கும், இட்லியிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து டம்ளருக்கும் வந்த கதையை அந்த எண்கள் அப்படியே சொல்லிவிடுகின்றன.

"சாப்பிடாமலே இருந்தால் வாந்தி நிற்காதா?" என்று பலர் கேட்பதுண்டு. நிற்காது. நாம் ஒரு பருக்கையும் உண்ணாவிட்டாலும், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று நாளொன்றுக்குப் பல லிட்டர் நீர் இப்பாதையில் சுரந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாக இதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பாதை அடைபட்டால், மதகு அடைத்த வாய்க்காலில் நீர் மேல்புறம் எதிர்த்து ஏறுவதுபோல் அது ஏறுகிறது. அடைப்புற்ற நோயாளி பட்டினி கிடந்தும் வாந்தி எடுப்பது இதனால்தான்.

பழைய வழி

இதற்குத் தொன்று தொட்டு வந்த வழி வயிற்றைத் திறப்பதே. 1881 ஜனவரியில் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்ற புகழ்பெற்ற அறுவை நிபுணர், இரைப்பையின் வாயிலில் புற்றுக்கட்டி வளர்ந்திருந்த 43 வயதுப் பெண் ஒருவருக்கு அக்கட்டியை வெட்டி நீக்கி, எஞ்சிய இரைப்பையை முன்சிறுகுடலோடு தைத்தார். அப்பெண் பிழைத்தார், உண்டார். நான்கு மாதங்களில் நோய் திரும்பி அவரைக் கொண்டுபோயிற்று. ஆயினும் வெற்றி பெற்ற முதல் இரைப்பை அறுவை என்று அது போற்றப்படுகிறது.

அதே ஆண்டு அவருடைய உதவியாளரான அன்டன் வோல்ஃப்லர் மற்றொரு நோயாளியின் வயிற்றைத் திறந்து பார்த்தார். கட்டியை நீக்க இயலாதென்று தெரிந்தது. மூடிவிடுவதற்கு மாறாக, இரைப்பையில் ஒரு துளையிட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றை இழுத்து அதனோடு இணைத்தார். கட்டி இருந்த இடத்தில் இருந்தது. உணவு மாற்றுப் பாதையில் சென்றது. நோயைத் தொடாமல் வழியை மட்டும் உண்டாக்கலாம் என்ற எண்ணம் அன்றே செயலாகிவிட்டது. பின்னர் வந்த முறைகள் பலவும் அந்த எண்ணத்தை எளிதாக்க வந்தவையே.

எளிதாக்கும் தேவை என்ன? புற்றுநோய் முற்றியவர் பல வாரம் உண்ணாது மெலிந்தவர். அவருக்குப் பெரிய அறுவை ஒரு பெருஞ்சுமை. மயக்க மருந்தைத் தாங்க வேண்டும். புண் ஆற வேண்டும். எழுந்து நடமாட நாட்கள் ஆகும். எஞ்சியிருப்பவை சில வாரங்களே என்றால், அவற்றிற் பாதியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே செலவிட நேரும். வெட்டாமல், வாய் வழியாகவோ குதத்தின் வழியாகவோ உள்ளே சென்று வழி திறக்க இயலுமா என்பதே கேள்வி. அதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: வளைந்து உள்ளே சென்று பார்க்கும் கண் ஒன்று, சுருங்கிச் சென்று உள்ளே விரியும் குழல் ஒன்று.

வளைந்து செல்லும் ஒளி

முதற் பொருளில் இந்தியர் ஒருவருக்குப் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்து ஆக்ராவில் பயின்ற நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அவற்றின் வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். 1954-இல் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. கட்டு வளைந்தாலும் ஒளி இழைக்குள்ளேயே முழு எதிரொளிப்படைந்து மறுமுனைக்கு வந்து சேரும்.

அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் துணைவரோடு உழைத்து, இரைப்பையைப் பார்க்கும் வளைகருவி ஒன்றைச் செய்தார். 1957-இல் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்த பிறகுதான் நோயாளிக்குச் செலுத்தினார் என்பர். இன்றைய எண்டாஸ்கோப்புகளில் படத்தைக் கடத்தும் இழைக்கட்டின் இடத்தை நுனியிலேயே பொருத்திய சிறு காமிரா பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனால், விரல் பருமனுள்ள கருவி, அதற்குள் மற்றக் கருவிகள் செல்ல 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு வழி என்னும் அமைப்பு மாறவில்லை.

நினைவுள்ள கம்பி

இரண்டாவது பொருள் என் பாடத்தைச் சேர்ந்தது. 1959-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் ப்யூலர் என்ற உலோகவியலார், ஏவுகணையின் முனைக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் அணுக்களாகக் கலந்த ஒரு கலவை அவர் கவனத்தைக் கவர்ந்தது. அவ்விரு உலோகங்களின் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரெழுத்துக்களையும் சேர்த்து அதற்கு நிட்டினால் என்று பெயரிட்டார்கள்.

இக்கலவையின் படிக அமைப்பு இரு வகைப்பட்டது. குளிர்ந்த நிலையில் ஒன்று. சூடான நிலையில் மற்றொன்று. குளிரில் வளைத்து நசுக்கிய கம்பி, சூடு பட்டதும் தன் பழைய உருவத்தை மீண்டும் அடைகிறது. இதை உருவ நினைவு என்பர். இதனோடு மற்றொரு குணமும் உண்டு. எஃகுக் கம்பியை அதன் நீளத்தில் 1 விழுக்காட்டுக்குக் குறைவாக நீட்டினாலே அது நிலையாக வளைந்துவிடும். உடற்சூட்டிலுள்ள நிட்டினாலோ 8 விழுக்காடு வரை நீண்டும், விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வல்லது. அழுத்தத்தில் ஒரு படிக அமைப்பு மற்றொன்றாக மாறி இடங்கொடுக்கிறது. அழுத்தம் நீங்கியதும் பழையபடி மாறுகிறது.

ஆகவே நிட்டினால் கம்பியை வலையாகப் பின்னி, 20 அல்லது 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழலாக்கி, அதைச் சுருக்கி 3.3 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள உறைக்குள் அடக்கிவிட முடிகிறது. உறையை உருவினால் வலை விரிகிறது. விரிந்து, கட்டியை வெளிப்புறமாகத் தள்ளி நிற்கிறது. ஒரே நொடியில் முழுதும் விரிந்துவிடுவதில்லை. ஒன்று முதல் மூன்று நாட்களில் மெல்ல மெல்ல முழு அளவை எட்டுகிறது. இந்த வலைக்குழலைத்தான் டாக்டர்கள் ஸ்டென்ட் என்கிறார்கள். இதயக் குழாய்க்கு வைக்கும் ஸ்டென்ட் நம் மக்களுக்குப் பழகிப்போன சொல். உணவுப்பாதைக்கு வைப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே, உருவில் பெரியது.

வைக்கும் முறை

நோயாளியைப் பட்டினியாக வைத்து, தூக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே மேசையில் படுக்க வைக்கிறார்கள். எண்டாஸ்கோப் அடைப்பின் வாசல் வரை செல்கிறது. அடைப்பின் வழியாக 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள வழிகாட்டிக் கம்பி ஒன்றை மெல்ல அப்பால் செலுத்துகிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைப் பாய்ச்சி, அடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அளக்கிறார்கள். கட்டியின் இருபுறமும் இரண்டு சென்டிமீட்டரேனும் மிஞ்சி நிற்கும் நீளத்தில் குழலைத் தேர்ந்து, வழிகாட்டிக் கம்பியின் மேலேயே செலுத்தி, இடம் பார்த்து உறையை உருவுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. வயிற்றில் கத்தி படுவதில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரே வியப்பு. ஆய்வுக்கூடத்தில் வளைத்தும் வெந்நீரில் இட்டும் நான் விளையாடிய கம்பி ஒரு மனிதனுக்குச் சோறு ஊட்டுகிறதென்று மகிழ்ந்தேன். "சரியாகிடும்" என்று நான் சொன்னதற்கு அந்த மகிழ்ச்சியும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று இடங்கள்

அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்து முறையும் வேறுபடும்.

உணவுக்குழாய் முதலாவது. இங்கே ஸ்டென்ட் விரைவாகப் பயன் தரும். ஓரிரு நாட்களிலேயே விழுங்க முடிகிறது. ஆயினும் இதற்குப் போட்டியாக வேறொரு முறையும் உண்டு. கதிர்வீசும் பொருளைச் சிறு குழாய் வழியாகக் கட்டியின் அருகிலேயே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்து எடுப்பது அது. உட்கதிர்ச் சிகிச்சை எனலாம். நெதர்லாந்தில் 209 நோயாளிகளை இரு பிரிவாக்கி இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டென்ட் முதலில் முந்திற்று. நாட்கள் செல்லச் செல்ல உட்கதிர்ச் சிகிச்சையே நீடித்த பயன் தந்தது, இடர்களும் அதில் குறைவு. இன்றே விழுங்க வேண்டியவர் யார், சில வாரம் பொறுத்தாலும் நீண்ட பயன் வேண்டுபவர் யார் என்று பார்த்துத் தேர வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது இடம் இரைப்பையின் வாயிலும் முன்சிறுகுடலும். இரைப்பைப் புற்றும் கணையப் புற்றும் இங்கே வழி மறிக்கும். வோல்ஃப்லரின் மாற்றுப்பாதை அறுவையையும் ஸ்டென்டையும் நெதர்லாந்தில் 39 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் சராசரி 5 நாளில் உண்ணத் தொடங்கினார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் 8 நாளில். ஆனால் பின்னர் மீண்டும் அடைத்துக்கொண்டது ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் மிகுதி. இரண்டு மாதங்களுக்கு மேல் வாழக்கூடியவருக்கு அறுவையும், அதற்குக் குறைந்த காலமே உடையவருக்கு ஸ்டென்டும் ஏற்றவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

அண்மையில் இவ்விரண்டையும் இணைத்த மூன்றாவது முறை ஒன்று வந்துள்ளது. எண்டாஸ்கோப்பின் நுனியில் ஒலியலைக் கருவியைப் பொருத்தி, இரைப்பையின் சுவருக்கு அப்பால் சிறுகுடல் எங்கே நெருங்கிக் கிடக்கிறதென்று பார்க்கிறார்கள். அவ்விடத்தில் துளையிட்டு, இரண்டையும் இணைக்கும் குட்டையான ஸ்டென்ட் ஒன்றை வைக்கிறார்கள். அது நம் உடுக்கையின் வடிவில் இருக்கும்: இருபுறமும் அகன்று, இடை சிறுத்திருக்கும். ஒரு முகம் இரைப்பையில்; மறு முகம் குடலில்; இடையின் குறுக்களவு 15 அல்லது 20 மில்லிமீட்டர். வோல்ஃப்லர் வயிற்றைத் திறந்து செய்ததை இது வாய் வழியாகவே செய்துவிடுகிறது. குழல் கட்டிக்குள் செல்லாததால் கட்டி வளர்ந்து அதை அடைப்பதும் அரிது. 97 நோயாளிகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுபடியும் சிகிச்சை வேண்டியிருந்தவர்கள் பழைய வகை ஸ்டென்டில் 29 விழுக்காட்டினர். உடுக்கை ஸ்டென்டில் 4 விழுக்காட்டினரே. ஆனால் இதற்குத் தேர்ந்த கை வேண்டும். எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று.

மூன்றாவது இடம் பெருங்குடல். இங்கு அடைப்பு நேர்ந்தால் வயிறு உப்பும். மலமும் காற்றும் வெளியேறா. குழாயின் சுவர் தாங்கும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பொறுத்து மிகும் என்று நாம் பௌதிகத்தில் படித்திருக்கிறோம். பெருங்குடலின் தொடக்கப் பகுதியே எல்லாவற்றிலும் அகலமானது. ஆகவே அடைப்பு இடப்புறம் கீழே இருந்தாலும், கிழியும் அபாயம் வலப்புறத் தொடக்கப் பகுதியில்தான் மிகுதி. பௌதிகப் பாடம் இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. அவசர அறுவை செய்தால், வயிற்றில் வழி வைத்து மலத்தைப் பையில் வாங்க நேரும். குதத்தின் வழியாக ஸ்டென்ட் வைத்தால் பலருக்கு அந்நிலை தவிர்கிறது. குணப்படுத்தக்கூடிய நோயாளிக்கும் இது பயன்படலாம். அடைப்பை முதலில் தளர்த்தி, உடலைத் தேற்றி, சில நாள் கழித்து நிதானமாகக் கட்டியை அறுத்து நீக்கலாம். ஸ்டென்ட் எங்கே இருந்தாலும் நோய் முற்றியதென்று எண்ணிவிடலாகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குழல் உதவாத இடம்

வயிறு முழுவதும் புற்று பரவி, சிறுகுடல் பல இடங்களில் ஒட்டி மடங்கியிருந்தால் ஸ்டென்ட் பயன்படாது. ஐந்து இடத்தில் தூர்ந்த வாய்க்காலில் ஓர் இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் கடைமடைக்கு நீர் போகுமா? அப்போது செய்யத்தக்கது நீரை மேலே வடிய விடுவதே. எண்டாஸ்கோப்பின் துணையோடு வயிற்றின் முன்பக்கத்தில் சிறு துளையிட்டு இரைப்பைக்கு ஒரு குழாய் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு உணவூட்டுவதற்காக அமெரிக்காவில் கௌடரரும் பான்ஸ்கியும் 1979-இல் செய்து, மறு ஆண்டு வெளியிட்ட முறை இது. அதே குழாய் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தேங்கிய நீரை வெளியே வடிக்கிறது. மூக்கு வழியாக நாட்கணக்கில் குழாய் வைத்திருக்கும் தொல்லை நீங்குகிறது, வாந்தி குறைகிறது. நோயாளி ஒரு வாய் காப்பியோ மோரோ சுவைத்துக் குடிக்கலாம். அது உடம்பில் சேராமல் குழாய் வழியே வந்துவிடும் என்றாலும், நாவுக்குச் சுவை கிடைக்கிறது. சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசி மருந்துகளும் உண்டு.

இடர்களும் உணவும்

ஸ்டென்டுக்கும் குறைகள் உண்டு. வலை திறந்திருந்தால் அதன் கண்களின் வழியே கட்டி உள்ளே வளரும். மெல்லிய உறை போர்த்திய வலையில் அது குறைவு, ஆனால் பிடிப்பின்றி நழுவிப்போகக்கூடும். வலி உண்டு, குருதிக் கசிவு உண்டு, அரிதாகக் குடற்சுவர் கிழிதலும் உண்டு. புதிய இரத்தக் குழாய்கள் வளராமல் தடுக்கும் சில புற்று மருந்துகளைப் பெறுபவருக்குப் பெருங்குடல் ஸ்டென்டில் கிழியும் அபாயம் கூடும். எனவே உண்ணும் மருந்துகளையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் உண்ணும் முறையை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். அக்குழல் இயல்பான குழாயைப்போல் சுருங்கி உணவைத் தள்ளாது. உணவு தன் எடையாலும் நீராலும் இறங்க வேண்டும். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, சிறிது சிறிதாக, நன்றாக மென்று, இடையிடையே நீர் பருகி உண்ண வேண்டும். குழையக் குழைய வடித்த சோற்றில் ரசமோ மோரோ விட்டுப் பிசைந்தது, கூழ், சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி ஆகியவை ஏற்றவை. முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், நாருள்ள மாங்காய், இறைச்சித் துண்டு, காய்ந்த ரொட்டி ஆகியவை சிக்கிக்கொள்ளும். இரைப்பையின் வாய்வரை குழல் நீண்டிருந்தால் புளிநீர் மேலேறும். உண்டவுடன் படுக்காமல், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது நன்று.

நான் விழுங்கிய வாக்கியம்

நிற்க. அந்தப் பெரியவருக்கு மறுநாளே ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். ஒரு வாரத்தில் ரசஞ்சாதம் உண்டார். டம்ளர் போயிற்று. பொங்கலன்று அவர் வீட்டுக்குப் போனேன். குழைந்த வெண்பொங்கலை ஒவ்வொரு விரற்கடையாக எடுத்து, அரைமணி நேரம் உண்டார். அந்த அம்மாள் எனக்கும் இலை போட்டார்.

அப்பொழுது பெரியவர், "தை பொறந்தாச்சு. ஊருக்கு ஒரு நடை போயிட்டு வரணும்" என்றார். அம்மாள், "எல்லாம் நல்லா சரியாகட்டும், அப்புறம் போகலாம்" என்றார். நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். மகனும் தாயின் சொல்லையே நம்பியிருந்தான். ஸ்டென்ட் வைத்த ஏழாவது வாரத்தில் பெரியவர் காலமானார். குழல் அடைக்கவில்லை, கடைசி வாரம் வரை உணவு இறங்கிற்று. நோய் அதன் இடத்திலிருந்து ஈரலுக்குப் போயிருந்தது. பயணம் போகத் தக்க உடல்நிலை இருந்தது அந்த நடு வாரங்களில்தான். அவற்றை அவர்கள் காத்திருந்தே கழித்துவிட்டார்கள்.

பிறகு துக்கம் விசாரிக்கச் சென்றபோது அந்த அம்மாள், "சரியாகிடும்னு நீதானே தம்பி சொன்னே?" என்று கேட்டார். கோபித்துக் கேட்கவில்லை. நான் டாக்டரின் இரண்டாவது வாக்கியத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் சொல்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். வேற்று மொழி வழங்கும் ஊரில் நம்மவர் நோயுறும்போது, அந்த நான்காம் உறுப்பாக நிற்கும் கடமை நம் சங்கத்து மாணவர்களுக்கு அடிக்கடி வருகிறது. அதற்கு உதவும் பொருட்டு, டாக்டரிடம் நாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகளை இங்கே தருகிறேன்.

1. இச்சிகிச்சை வழியைத் திறப்பதற்கா, நோயை நீக்குவதற்கா, அல்லது பின்னர் செய்யப்போகும் அறுவைக்கு முன்னேற்பாடா?

2. அடைப்பு ஓரிடத்திலா, பல இடங்களிலா?

3. இதற்கு மாற்றாக அறுவையோ கதிர்ச் சிகிச்சையோ உண்டா? எது விரைவில் பயன் தரும்? எது நீடிக்கும்?

4. மறுபடி அடைத்தால் என்ன செய்யலாம்? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்?

5. நோயாளி செய்ய விரும்பும் காரியம் ஏதேனும் இருந்தால், அதை எப்போது செய்வது நல்லது?

ஐந்தாவது கேள்வியை நோயாளியிடம் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டும். விடை எதுவாயினும், கேட்டபடியே தமிழில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மனம் வராவிட்டால், "இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, மகன் வந்தபின் சேர்ந்து கேளுங்கள்" என்று டாக்டரிடமே சொல்லிவிடலாம். அதில் குற்றமில்லை.

இப்போதும் மாதம் ஒரு முறையேனும் செயலாளர் என்னை அழைக்கிறார். சென்ற வாரம் வேறொரு குடும்பத்தாரிடம், "உணவு இறங்கும், அம்மா, நோய் அங்கேயே இருக்கும்" என்று சொன்னேன். அவர்கள் அழுதார்கள். பிறகு, ஊருக்குப் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று என்னையே கேட்டார்கள். அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.